கிளம்புகிறவர்களிடம் சொல்லாதது

நான் கொடுத்தனுப்பிய ரேடியோக்கள் சில மாதங்களில் செத்துப்போகும் என்று எனக்குத் தெரியும். அவற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு சண்டைக்குப் போனவர்களிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவர்களில் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார். அப்போதும் சொல்லவில்லை. அதனால் அவருடைய தம்பி செத்தான். வேறு சிலரும் செத்திருக்கலாம். எனக்கு உறுதியாகத் தெரிந்தது அந்த ஒருவனைப் பற்றி மட்டும்தான்.

நான் கரூரில் பிறந்து, கோவையில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, மேற்படிப்புக்கு டெக்சஸ் வந்தவன். படிப்பு முடிந்ததும் ஹூஸ்டனில் ராணுவத்துக்கு ரேடியோ செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். ஓய்வுபெறும் வரை அங்கேயே இருந்தேன். ஊரில் யாராவது கேட்டால் என் மாமனார், “மாப்பிள்ளை கம்யூனிகேசன்ல இருக்கறாரு” என்பார். பேருக்குச் சரியாகத்தான் இருந்தது. நானும் அதற்கு மேல் விளக்கியதில்லை.

ஓர் அரபு நாட்டில் மக்கள் தங்களை ஆண்டுவந்தவருக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். ராணுவத்தினர் சுட்டார்கள். மக்களும் திருப்பிச் சுட்டார்கள். எங்கள் அரசாங்கம் அந்தக் கிளர்ச்சிக்காரர்களில் சிலரைப் பொறுக்கியெடுத்து உதவுவது என்று முடிவுசெய்தது. எங்கள் அரசாங்கம் என்று நான் சொல்வது அமெரிக்காவை. குடியுரிமை வாங்கிப் பல வருடம் ஆகியிருந்தது. அந்த நாட்டின் பெயரை எழுத எனக்கு அனுமதியில்லை. வாசகர் தவறாக ஊகித்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. அப்படி உதவிவிட்டுப் பாதியில் எழுந்து வந்த நாடுகள் ஒன்றிரண்டு அல்ல.

பக்கத்து நாட்டின் பாலைவனத்தில் தகரக் கொட்டகைகள் போட்டு அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். துப்பாக்கி, மருத்துவம், வரைபடம் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள். ரேடியோவுக்கு நான்.

ரேடியோ என்றால் சாதாரண வாக்கிடாக்கி இல்லை. எதிரி ஒட்டுக்கேட்க முடியாதபடி பேச்சைக் குலைத்து அனுப்பும் கருவி. குலைப்பதற்கும் மறுபடி கோர்ப்பதற்கும் உள்ளே ஒரு ரகசிய எண்வரிசை இருக்கும். அதைச் சாவி என்போம். ஒவ்வொரு சாவிக்கும் ஆயுள் உண்டு. அது தீர்வதற்குள் புதுச் சாவி ஏற்ற வேண்டும். ஏற்றுகிற கருவி எங்களிடம் மட்டும்தான் இருந்தது. சாவி தீர்ந்தால் அந்தப் பெட்டி பேசாது, கேட்காது. கிளர்ச்சிக்காரர்களுக்குக் கொடுக்கும் பெட்டிகளை வேண்டுமென்றே அப்படிச் செய்திருந்தோம். உதவியை நிறுத்த நினைத்தால் யாரும் போய்ப் பிடுங்கிவர வேண்டாம், சாவி தராமல் இருந்தால் போதும். அந்த ஏற்பாட்டைச் செய்த குழுவில் நானும் இருந்தேன். கெட்டிக்காரத்தனமான வேலை என்று அப்போது எனக்குப் பெருமை.

பயிற்சிக்கு வந்தவர்களில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். சண்டைக்கு முன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். அதனால் அவரையே ரேடியோ பொறுப்பாளராகப் போட்டார்கள். என்னை ‘உஸ்தாத்’ என்பார். அவர்கள் மொழியில் ஆசிரியர். நான் அவரை ‘வாத்தியார்’ என்பேன். கல்லூரியைப் பாதியில் விட்ட அவருடைய தம்பியும் அதே குழுவில் இருந்தான். எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில்தான். இங்கே எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

நான் சைவம். அந்த முகாமில் அது பெரிய வேடிக்கை.

“உஸ்தாத், நீங்க ஆட்டைக் கொல்ல மாட்டீங்க. ஆளைக் கொல்றவனுக்கு வழி சொல்ற பெட்டி மட்டும் செய்வீங்க. உங்க சாமி எப்படி இதை ஒத்துக்கறாரு?”

“சாமிக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது வாத்தியாரே. இந்தப் பருப்பு சூப்புல கோழி வெந்த தண்ணி இருக்கா, அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

தம்பி ஏதோ சொல்லிச் சிரித்தான். என்ன என்று கேட்டேன்.

“இல்லைன்னு சொல்லிடு, மனுஷன் நிம்மதியாச் சாப்பிடட்டும்கறான்” என்றார் வாத்தியார். பிறகு கிண்ணத்தை என் முன்னாலிருந்து எடுத்துவிட்டார். “இருக்கு. குடிக்காதீங்க.”

சமையல்காரரிடம் சண்டைபோட்டு எனக்கென்று தனியாக ஒரு சட்டி ஏற்றவைத்தார். முகாம் முடியும் வரை அந்தத் தனிச் சட்டி நடந்தது.

அவர்கள் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது ஹூஸ்டனிலிருந்து என் மேலாளர் போனில் வந்தார். திட்டத்தை மூடுகிறார்கள், இதுதான் கடைசிக் குழு, இனி என்ன நடக்கும் என்ற பேச்சுக்கே அவர்களிடம் போகாதே என்றார். சாவிகள் என்னாகும் என்று கேட்டேன். இருக்கிறது தீரும் வரைதான், புதிது கிடையாது என்றார். சரி என்று வைத்துவிட்டேன். சாவிக்கு ஆயுள் உண்டு என்று பயிற்சியிலேயே அவர்களுக்குச் சொல்லியிருந்தேன். ஆனால் புதுச் சாவி வராது, சண்டைக்குப் போகிறவன் கையில் கொடுத்திருக்கும் பெட்டி இன்ன மாதத்தோடு செத்துவிடும் என்பது, அந்த முகாமில் அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கிளம்பிய அன்று காலையில் சமையல்காரர் லாரிகளுக்குப் பின்னால் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். போகிறவர்கள் தடையில்லாமல் போய்த் திரும்ப வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்வார்களாம். அதைப் பார்த்ததும் எங்கள் வீட்டு வழக்கம் எனக்குள் எழுந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் வீட்டில் ஒருவர் கிளம்பி நிற்கும்போது எங்கே என்று கேட்கக்கூடாது. இல்லை, வராது, முடியாது என்ற பேச்சு அந்த நேரத்தில் யார் வாயிலும் வரக்கூடாது. என் அப்பா ஆபரேஷனுக்குக் கோயம்புத்தூருக்குக் கிளம்பியபோது, பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தது அவரைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் சிரித்த முகத்தோடு காரில் ஏற்றிவிட்டோம். அவர் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளாமல் அங்கேயே இறந்துபோனார்.

வாத்தியார் லாரியில் ஏறும் முன் என்னிடம் வந்தார்.

“உஸ்தாத், சாவி தீர்றதுக்குள்ள நாங்க இங்கயே வரணுமா, வேற இடமா?”

“சொல்லி அனுப்புவாங்க.”

“யாரு? நீங்களா?”

“ஏற்பாடு ஆயிடும் வாத்தியாரே. நல்லபடியாப் போயிட்டு வாங்க.”

கையைக் குலுக்கிவிட்டு ஏறிக்கொண்டார்.

கிளம்பும்போது அமங்கலமாக எதுவும் சொல்லக்கூடாது என்பதால்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பாதிதான். முந்தின நாள் சாயங்காலம் அவர்கள் கிளம்பி நிற்கவில்லை. நானும் அவரும் கொட்டகையில் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அவர் தன் பெண் குழந்தைகளைப் பற்றிப் பேசினார். அப்போது சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயமும், சொன்னால் அவர் முகம் மாறுமே என்ற சங்கடமும் என்னைத் தடுத்தன. மறுநாள் காலை சகுனம் வந்து கைகொடுத்தது, அவ்வளவுதான். சொல்லியிருந்தால் கடையில் கிடைக்கும் வாக்கிடாக்கிகளை வாங்கிக்கொண்டு, தங்களுக்குள் குறிச்சொற்கள் வைத்துப் பேசியிருப்பார்கள். உதவி கிடைக்காத குழுக்களெல்லாம் அப்படித்தான் சமாளித்தன.

நான் வீடு திரும்பினேன். சாவி தீர்கிற மாதம் வந்தது, போனது. செய்தியில் அந்த ஊர்ப் பெயர்கள் வரும்போது சேனலை மாற்றினேன். மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். ஓய்வுபெற்றேன்.

ஹில்கிராஃப்ட் அவென்யூவில் நாங்கள் வாராவாரம் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கும் இந்தியக் கடைக்குப் பக்கத்தில் ஓர் அரபுக்காரரின் மளிகைக்கடை இருக்கிறது. பேரீச்சம்பழத்துக்காக ஒருநாள் மனைவியோடு அங்கே நுழைந்தேன். கல்லாவில் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. நான்தான் முதலில் பார்த்தேன். திரும்பிவிடலாம் என்று நினைப்பதற்குள் அவரும் பார்த்துவிட்டார்.

“உஸ்தாத்” என்று எழுந்து வந்து கட்டிக்கொண்டார்.

“யாருங்க இவரு?” என்றாள் மனைவி.

“கூட வேலை பார்த்தவரு.”

கடையின் பின்னறையில் டீ போட்டுக் கொடுத்தார். தம்பி எப்படி இருக்கிறான் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“ஒரு நாள் காலைல எல்லாப் பெட்டியும் ஒண்ணா நின்னுபோச்சு. நான் மலைமேல, எங்க ஆளுங்க கொஞ்சப் பேர் கீழ ஸ்கூல்ல. டாங்க் வர்றது எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியல. சாவி வரும், வரும்னு அதுவரைக்கும் நான்தான் எல்லாரையும் பிடிச்சு வெச்சிருந்தேன். தம்பியைக் கீழ ஓடிப்போய்ச் சொல்லச் சொன்னேன். அவன் சொல்லிட்டான். அவங்க தப்பிச்சாங்க. அவன் திரும்பி வரல.”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

“நீங்க என்ன பண்ணுவீங்க? தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்க. உங்களையும்தானே ஏமாத்தி அனுப்பியிருக்காங்க.”

நான் டீயைக் குடித்தேன்.

அவருடைய நிலைமை இப்படி இருந்தது. அமெரிக்காவில் அடைக்கலம் கேட்டு மனுப் போட்டிருந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த ரேடியோக்கள் பின்னால் ஒரு தடைசெய்யப்பட்ட குழுவின் கையில் கிடைத்திருக்கின்றன. இவர்தான் அவர்களுக்குக் கொடுத்தார் என்று அரசுத் தரப்பு வக்கீல் சொன்னார். அத்தனை விலை உயர்ந்த கருவியை யாராவது சும்மா விட்டுவிட்டுப் போவார்களா என்று கேட்டாராம். அது நிரூபணமானால் இவர் பயங்கரவாதிகளுக்கு உதவியவர். அடைக்கலம் கிடையாது. அடைக்கலம் இல்லையென்றால் மனைவியையும் இரண்டு பெண்களையும் கூட்டிவர முடியாது. அவர்கள் எல்லைக்கு அப்பால் ஓர் அறையில் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள்.

“எனக்குப் பயிற்சி கொடுத்தது உங்க கவர்மென்ட்தான்னு எழுதிக் கொடுப்பீங்களா?” என்று கேட்டார்.

எழுதிக் கொடுத்தேன். இவரை எனக்குத் தெரியும், நான்தான் ரேடியோ கற்றுக்கொடுத்தேன், நேர்மையான மனிதர். அவருடைய வக்கீல் ஓர் அமெரிக்கப் பெண். படித்துவிட்டு என்னைத் தன் அலுவலகத்துக்கு அழைத்தார். நேர்மையானவர் என்று எழுதித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள், அந்தப் பெட்டிகளை ஏன் விட்டுவிட்டு வந்தார்கள் என்பதற்குத்தான் ஆள் இல்லை என்றார். பெட்டிகள் ஏன் நின்றன, அது முன்கூட்டியே யாருக்குத் தெரியும், இவருக்கு ஏன் தெரியவில்லை, இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். பதில் சொல்லக்கூடிய ஆள் எதிரே உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாது.

மனைவியிடம் அன்றைக்குத்தான் முழுவதையும் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“கோர்ட்டுப் படியேறோணுமுங்களா இந்த வயசுல?”

“ஏறுனாத்தான் அவருக்குப் பேப்பர் கெடைக்கும். ஆனா நான் எல்லாத்தையும் சொன்னா அவருக்கும் தெரிஞ்சு போயிரும், எனக்கு முன்னாடியே தெரியும்னு.”

“தெரிஞ்சா?”

“அப்புறம் அவரு மூஞ்சில எப்படி முழிக்கறது?”

“அப்பக் கோர்ட்டுக்குப் பயமில்லீங்க உங்களுக்கு. அந்தாளு மூஞ்சிக்குத்தான் பயம்.” கத்தியைக் கீழே வைத்தாள். “அங்க ரெண்டு பொட்டப் புள்ளைங்க கெடக்குதுங்க. உங்களுக்கு மூஞ்சி பெருசாப் போச்சுங்களா?”

நறுக்கிய பீன்ஸை நான் கிண்ணத்தில் அள்ளிப் போட்டேன்.

“போய்ச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு. கோர்ட்டுல சொல்றதுக்கு முந்தி அவருகிட்ட நேர்ல சொல்லிப்போடுங்க. காயிதத்துல படிச்சுத் தெரிஞ்சுக்க வுட்டுராதீங்க.”

முதலாவதைச் செய்தேன். இரண்டாவதைச் செய்யவில்லை. கம்பெனியிடம் அனுமதி கேட்டேன், மறுத்தார்கள். மறுத்த பிறகும் வக்கீலிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சாவியின் ஆயுள், மேலாளரின் போன், லாரிக்குப் பக்கத்தில் அவர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில். அவர் தட்டச்சு செய்தார், நான் கையெழுத்துப் போட்டேன். இதை என் கட்சிக்காரருக்குப் படித்துக் காட்டியாக வேண்டும், நீங்கள் முதலில் பேசுகிறீர்களா என்று கேட்டார். நீங்களே படித்துவிடுங்கள் என்றேன். அந்த ஒரு நாளில் பாவத்தைக் கழுவப் போய், பழைய பாவத்தையே இன்னொரு தடவை செய்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வாத்தியார் என்னோடு பேசவில்லை. விசாரணை அன்று கோர்ட்டில் அவர் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அரசு வக்கீல் என்னைப் பொய்யனாக்கப் பார்த்தார். பெட்டிகள் எப்படிச் சாகும் என்பதை நான் விளக்கியதும் அந்தப் பக்கமே போகாமல் விட்டுவிட்டார். கடைசியில் நீதிபதி ஒரு கேள்வி கேட்டார்.

அவர்களிடம் ஏன் சொல்லவில்லை?

பயம் என்றேன். சகுனத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த அறையில் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

சில மாதங்களில் அவருக்கு அடைக்கலம் கிடைத்தது. ரகசியத்தை வெளியே சொன்னதற்காக என்னை விசாரிக்க அரசாங்கத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்கள். மனைவி ஃபில்டர் காபி கொடுத்தாள். ஒருவர் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார். வழக்கு எதுவும் போடவில்லை. கம்பெனி வக்கீல் கடுமையாக ஒரு கடிதம் எழுதினார். பழைய சகாக்கள் போன் செய்வதை நிறுத்தினார்கள். மகள் மில்பிடாஸிலிருந்து கூப்பிட்டு, “அப்பா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? ஆல் திஸ் டைம்?” என்றாள். ஆமாம் என்றேன். அவள் அப்புறம் குழந்தையின் டேகேர் பற்றிப் பேசினாள்.

வாத்தியாரின் மனைவியும் பெண்களும் வந்து சேர்ந்த செய்தி வக்கீல் மூலமாகத் தெரிந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒருநாள் அவரே போனில் கூப்பிட்டார்.

“ஒரு வேலை பாக்கி இருக்கு. கடைக்கு வாங்க.”

போனேன். பின்னறையில் உட்காரச் சொன்னார். டீ கொடுக்கவில்லை. அவருடைய அம்மா இன்னும் எல்லைக்கு அப்பால்தான் இருந்தார். தம்பி செத்த நாளிலிருந்து அந்த அம்மா இவரோடு பேசியதில்லை. சாவி வரும் என்று பொய் சொல்லித் தம்பியைச் சாவுக்கு ஓடவிட்டவன் என்பது அவர் எண்ணம். பேத்திகளிடம் பேசுவார், மருமகளிடம் பேசுவார், மகன் குரல் கேட்டால் போனை வைத்துவிடுவார்.

“எனக்கு நிஜமாத் தெரியாதுன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். நம்பல. நீங்க சொல்லுங்க. நான் அப்படியே மாத்திச் சொல்றேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.”

அவர் மனைவி வீடியோவில் அந்த அம்மாவைப் பிடித்து, யாரோ பேச வேண்டும் என்கிறார்கள் என்று சொல்லி, போனை என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனார். அந்த அம்மா போனை முகத்துக்கு மிகப் பக்கத்தில் வைத்திருந்தார். நெற்றியும் வெள்ளை முக்காடும் மட்டும் தெரிந்தன. நான் யார் என்று சொன்னேன். பெட்டி சாகும் என்று எனக்குத் தெரியும், உங்கள் மகனுக்குத் தெரியாது என்றேன். வாத்தியார் மாற்றிச் சொன்னார். மகன் குரல் கேட்டும் அவர் போனை வைக்கவில்லை.

“இவன் உங்ககிட்டக் கேட்டானான்னு கேக்கறாங்க.”

“கேட்டாரும்மா. கிளம்புற அன்னைக்குக் கேட்டார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஏற்பாடு ஆயிடும்னு சொன்னேன்.”

“ஆகாதுன்னு தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான்.”

வாத்தியார் குரல் மாறவில்லை. என் பேச்சு முழுவதையும் ஆங்கிலப் பாடம் போல ஒப்பித்தார். அந்த அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி வந்தது.

“உங்களுக்குப் பிள்ளைங்க உண்டான்னு கேக்கறாங்க.”

“ஒரு பொண்ணு.”

அந்த அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். “அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டுமாம். உங்களை மன்னிக்கறதா இல்லையாம்.”

சரி என்று தலையசைத்தேன். அதற்கப்புறம் போனிலிருந்து வாத்தியாரின் பெயர் கேட்டது. அந்த அம்மா அவரைக் கூப்பிட்டார். அவர் போனை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி, ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. நான் வெளியே வந்து கடைக்குள் நின்றேன். அவர் மனைவி என்னைப் பார்க்காமல் அலமாரியில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

வாத்தியார் வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார். வாசல் வரை கூட வந்தார்.

“இனிமே இந்தக் கடைக்கு வராதீங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

நான் போவதில்லை. மனைவி மட்டும் போகிறாள். முதல் தடவை அவள் இறங்கும்போது வேண்டாம் என்று தடுத்தேன். “உங்களைத்தான வரவேண்டாம்னாரு” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் காரிலேயே உட்கார்ந்திருப்பேன். போன வாரமும் அப்படித்தான். பேரீச்சம்பழப் பையோடு வந்து ஏறினாள்.

“அவரு அம்மாவுக்குக் கண்ணு ஆபரேசனாமா. அம்மாளும் மவனும் தெனமும் போன்ல பேசிக்கறாங்களாமா. பெரிய புள்ள கல்லாவுல உக்காந்திருக்குது, அப்பனாட்டமே.”

“என்னைப் பத்தி எதாச்சும் கேட்டாரா?”

“இல்லீங்க.”

சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். நான் வண்டியை எடுத்தேன்.